முழங்கால் வலிக்கு மாத்திரை கடைசியில்தான்

மூட்டு வலிக்கு மருந்து வாங்க நம் ஊரில் மருத்துவர் தேவைப்படுவதில்லை. தெருமுனை மெடிக்கலில் "முட்டி வலிக்கு மாத்திரை" என்று கேட்டால் போதும். அட்டையிலிருந்து நாலைந்தை வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு நாளில் வலி அடங்கும். மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வரும். மறுபடியும் கடைக்குப் போக வேண்டியதுதான். இந்தச் சுற்றிலேயே பல வருடங்களைக் கழித்துவிட்ட அறுபது வயதுக்காரர்கள் தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று இவர்களிடம் சொல்வது சுலபம். ஆனால் அது நடக்காது, நியாயமும் இல்லை. வலியோடு இருப்பவர் கையில் கிடைப்பதைக் கொண்டு அதைத் தணித்துக்கொள்ளத்தான் பார்ப்பார். எனவே இந்தக் கட்டுரை கடைக்குப் போவதைக் குற்றம் சொல்லவில்லை. கடையில் கிடைப்பவற்றை நாம் எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. முதலில் எடுக்க வேண்டியதைக் கடைசியில் எடுக்கிறோம், கடைசிக்கு வைத்திருக்க வேண்டியதை முதல் நாளிலேயே விழுங்கிவிடுகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள நோயின் தன்மையைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தவர்கள் சுமார் 52.8 கோடிப் பேர். அதில் 36.5 கோடிப் பேருக்குப் பாதிப்பு முழங்காலில். பத்தில் ஆறு பேர் பெண்கள். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிவது இந்நோயின் ஒரு பகுதிதான். அடியில் இருக்கும் எலும்பு, மூட்டை உள்ளிருந்து மூடும் சவ்வு, மூட்டைத் தாங்கும் தொடைத் தசை எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. மெலிந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. மெடிக்கலில் கிடைக்கும் எதுவும் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். நோயோ ஐம்பது வயதில் தொடங்கினால் இருபது, முப்பது வருடங்கள் கூடவே வரும். ஆகவே ஒரு மருந்து இன்றிரவு எவ்வளவு வலியைக் குறைக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. பத்து வருடங்கள் விட்டு விட்டுச் சாப்பிட்டால் உடம்பில் வேறு எதைக் கெடுக்கும் என்றும் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு மூன்று நாள் சாப்பிடும் மாத்திரையை எடைபோடும் அளவுகோல் இங்கே உதவாது.

சட்டம் போட்ட கோடு

இந்தியச் சட்டத்தில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கலாம் என்று தனியாக ஒரு மருந்துப் பட்டியல் கிடையாது. இருப்பது எதிர்மறையான பட்டியல். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதிலுள்ள மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டைக்ளோஃபினாக், நிமசுலைடு என்று முட்டி வலிக்கு நாம் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் அதில் அடக்கம். ஆனால் அதே அட்டவணையின் அடிக்குறிப்பு, தோலின் மேல் தடவும் மருந்துகளுக்கு விலக்கு அளிக்கிறது. அதாவது டைக்ளோஃபினாக் மாத்திரைக்குச் சீட்டு வேண்டும்; டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு வேண்டாம். பாராசிட்டமாலும் வலித் தைலங்களும் சிறு கிராமங்களில் மருந்துக்கடை உரிமமே இல்லாமல் விற்கக்கூடிய வீட்டு மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. இந்தக் கோட்டைச் சட்டம் ஏதோ அலுவலக வசதிக்காகப் போட்டுவைக்கவில்லை. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகின்றன. நம் கடைகளில் அது அழிந்துபோயிருக்கிறது. மாத்திரையும் ஜெல்லும் ஒரே மேஜைமேல், ஒரே அலட்சியத்தோடு விற்கப்படுகின்றன. மாத்திரைதான் விலை மலிவு என்பதால் அதுவே முதலில் போகிறது.

மாத்திரை மேல் இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்ற கேள்விக்கு 1971-ல் பதில் கிடைத்தது. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஆண்டு பிரிட்டன் விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். அடிபட்ட இடத்திலும் அழற்சியான மூட்டிலும் ப்ராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள் சுரக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் தூண்டுபவை இவை. ஆஸ்பிரினும் அதன் வழி வந்த வலி மாத்திரைகளும் இந்தச் சுரப்பைத் தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இதே பொருட்கள் இரைப்பையின் உள் சுவரை அமிலத்திலிருந்து காக்கின்றன. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும்போது அதன் ரத்தக்குழாய்களை விரித்து வைக்கின்றன. மாத்திரைக்கு எது முழங்கால், எது சிறுநீரகம் என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தடுத்துவிடும். முழங்கால் வலி குறைவதும் வயிற்றில் புண் வருவதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். இதனால்தான் பக்கவிளைவே இல்லாத, நன்றாகக் கேட்கும் வலி மாத்திரை என்ற ஒன்று இந்தக் குடும்பத்தில் உருவாகவே இல்லை.

வயிற்றைக் கெடுக்காத மாத்திரை என்ற நம்பிக்கையோடு 1999-ல் சந்தைக்கு வந்த ரோஃபிகாக்ஸிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரிக்கிறது என்று தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆபத்து அந்த ஒரு மருந்தோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு, நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் டைக்ளோஃபினாக்கையும் அதே வரிசையில் வைத்தது. நாளுக்கு 150 மில்லிகிராம் டைக்ளோஃபினாக்கை ஆயிரம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால், சாப்பிடாதவர்களைவிட மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வரும். அதில் ஒருவர் இறப்பார். ஆயிரத்தில் மூன்று என்பது சிறிய எண்தானே என்று தோன்றலாம். ஒரு தனி மனிதருக்கு அது சிறியதுதான். ஏற்கெனவே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு அது அவ்வளவு சிறியதல்ல. முழங்கால் வலி வரும் வயதில் இவை இரண்டும் இல்லாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே டப்பாவில் இரண்டு மாத்திரைகள்

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த இடம்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த மாத்திரைகளை வாங்கிவைக்கும் அதே பிளாஸ்டிக் டப்பாவில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையும் கிடக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகளும் நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும் சிறுநீரகத்துக்குள் ரத்த அழுத்தத்தைத் தம் வழியில் குறைக்கின்றன. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கடைசி வழியும் அடைபடுகிறது. இந்த மூன்றும் சேர்வதன் விளைவை 2013-ல் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதல் முப்பது நாட்களில்தான் ஆபத்து மிக அதிகம். பேதியாலோ வெயிலில் வேலை செய்வதாலோ உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாளில் இது இன்னும் மோசமாகும். நம் சித்திரை வெயிலில் வயல் வேலை செய்பவரைச் சொல்ல வேண்டியதே இல்லை. இன்னொன்று, வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றிவிடும். காரணம் தெரியாமல் பி.பி. மாத்திரையின் அளவு கூட்டப்படும்.

டைக்ளோஃபினாக்கின் பெயர் இந்தியாவில் இன்னொரு காரணத்துக்காகவும் பதிவாகியிருக்கிறது. அதைக் கொடுத்துச் சிகிச்சை செய்த மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய ஊசிக்குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்படுவதைத் தடுக்க, 2015-ல் ஒரு குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கழுகின் உடல் வேறு, மனித உடல் வேறு. அந்த அளவு நச்சு நமக்கு இல்லை. ஆனாலும் ஒரு மருந்தின் விற்பனையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அரசு உறுதியாக முடிவெடுத்தால் கடைவரைக்கும் அதைச் செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் பாராசிட்டமால் போதுமே என்பார்கள். வயிற்றுக்கும் இதயத்துக்கும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்பதால் பல வருடங்களாக மருத்துவர்களும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் குலைத்துவிட்டன. 2015-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட தொகுப்பாய்வு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் அதன் பலன் நோயாளி உணரும் அளவுக்குக்கூட இல்லை என்று சொன்னது. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2022-ல் இதற்குப் பாராசிட்டமாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. எனவே கடை மேஜையில் கிடைக்கும் மாத்திரைகளில் தீங்கு குறைந்தது சரியாகக் கேட்பதில்லை. நன்றாகக் கேட்பது தீங்கு நிறைந்தது. பாராசிட்டமாலை ஒதுக்கிவிடுங்கள் என்று இதற்குப் பொருளில்லை. சிலருக்குக் கேட்கிறது, ஓரிரு நாள் முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. முதியவர்களும் மது அருந்துபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வலிக்கான கலவை மாத்திரை எல்லாவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால் கணக்குத் தப்புவது மிகச் சுலபம்.

தோலின் மேல் தடவுவது

இந்த இக்கட்டிலிருந்து ஒரு வழி உண்டு. அது அதே கடையில், சட்டம் அனுமதிக்கும் வகையிலேயே கிடைக்கிறது. டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தோலில் தடவும்போது மருந்து முழங்காலுக்குள் இறங்குகிறது. ரத்தத்தில் கலப்பதோ மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 6 சதவீதம்தான். ஒரு முழங்காலுக்காக மாத்திரை விழுங்குவது ஒரு செடிக்குத் தண்ணீர்விட ஏரி மதகைத் திறப்பது போன்றது. ஜெல் அந்தச் செடியின் வேரில் ஊற்றுகிறது. பலன் எவ்வளவு? காக்ரேன் அமைப்பு 2016-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் டைக்ளோஃபினாக் தடவியவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி பெருமளவு குறைந்திருந்தது. மருந்தே இல்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களில் 50 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் பத்தே பேர்தானா என்று கேட்கலாம். மாத்திரைகளுடைய பலனும் இதைவிடப் பெரிதாக மேலே போவதில்லை. அதற்கு வயிறும் இதயமும் கொடுக்கும் விலைதான் வேறு. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கழகம் 2019-லும் பிரிட்டன் 2022-லும் முழங்கால் தேய்மானத்துக்குத் தடவும் மருந்தை முன்னால் நிறுத்தியது இதனால்தான். அமெரிக்காவில் 2020-ல் இந்த ஜெல்லைச் சீட்டில்லாமல் விற்கவும் அனுமதித்தார்கள். முழங்கால், கைவிரல் போலத் தோலுக்கு அருகே இருக்கும் மூட்டுகளுக்கே இது பொருந்தும். ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டை எட்டாது.

"நானும் தடவிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை" என்பது ஜெல்லைப் பற்றி அதிகம் கேட்கும் குறை. அதில் உண்மை இருக்கிறது. காரணம் பெரும்பாலும் அளவில் இருக்கிறது. ஆய்வுகளில் ஒரு முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை தடவினார்கள். நம் வீடுகளில் சுண்டைக்காய் அளவு எடுத்து இரவில் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் படுக்கிறோம். ஆய்வின் அளவில் தடவினால் 30 கிராம் டியூப் இரண்டு நாளுக்கு வராது. கூலி வேலை செய்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பது நியாயமான ஆட்சேபம். என் வாதத்தின் பலவீனமான இடமும் இதுதான். மாத்திரை சில ரூபாய், ஜெல் அதைப் போலப் பல மடங்கு என்றால் ஏழை மாத்திரையைத்தான் எடுப்பார். இதற்கு விடை அவரிடம் இல்லை, அரசிடம் இருக்கிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் பொதுப்பெயர் மருந்துகளை மலிவாகத் தருவதற்காகவே இருப்பவை. பெரிய டியூப்களில் டைக்ளோஃபினாக் ஜெல்லை அங்கே தட்டுப்பாடின்றி வைப்பதும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுப்பதும் ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகையே அல்ல. தனிமனிதர் செய்யக்கூடியதும் உண்டு. வலி கூடியிருக்கும் ஒன்றிரண்டு வாரங்களில் மட்டும் முழு அளவில் தடவுவது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி வீணாக்குவதைவிடப் பயன் தரும். தடவிய இடத்தில் துணி கட்டுவதோ ஒத்தடம் கொடுப்பதோ கூடாது.

மஞ்சள் டப்பா அமிர்தாஞ்சனமும் நீலகிரித் தைலமும் இல்லாமல் தமிழர் வீட்டு மருந்துப் பெட்டி நிறைவதில்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கி 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனம் உட்பட, வலித் தைலங்களின் உயிர்நாடி கற்பூரம், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் போன்றவை. மெந்தால் தோலிலுள்ள குளிர் உணரும் நரம்பு வாசல்களைத் தூண்டுகிறது. அந்தக் குளிர்ச்சி வலிச் செய்தியைச் சற்று நேரம் மறைக்கிறது. மூட்டின் அழற்சியை இவை மாற்றுவதாக உறுதியான சான்று இல்லை. அரைமணி நேர இதம் தூங்கவோ நாலடி நடக்கவோ உதவினால் அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஊட்டியில் பாட்டிலில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட்தான். ஆஸ்பிரினின் உறவுப் பொருள் அது. ஒரு தேக்கரண்டி தைலத்தில் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு இணையான சாலிசிலேட் இருக்கிறது. குழந்தை குடித்தால் உயிர் போகும். பேரக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் இந்தத் தைலங்களை அள்ளிப் பூசக் கூடாது.

விலையுயர்ந்த நம்பிக்கைகள்

ஜெல்லுக்குக் காசு இல்லை என்பவர்களே மாதம் நூற்றுக்கணக்கில் கொடுத்துக் குளுக்கோசமின் வாங்குவதும் நடக்கிறது. இறால், நண்டு ஓட்டிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்படும் இது குருத்தெலும்பை வளர்க்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்காவில் 1,583 பேரிடம் 24 வாரங்கள் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான பதில் சொன்னது. வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் குளுக்கோசமின் குழுவில் 64 சதவீதம். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட குழுவில் 60.1 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் வாசகர் மனத்தில் வைக்க வேண்டும். மருந்தே இல்லாமல் பத்தில் ஆறு பேருக்கு வலி குறைந்திருக்கிறது. முழங்கால் வலி ஏறி இறங்கும் தன்மையுள்ளது. நாம் மருந்து தேடுவது உச்சத்தில் இருக்கும்போது. அதன்பிறகு அது தானாகவே இறங்கும். கவனிப்பும் நம்பிக்கையும் மீதியைச் செய்யும். "பக்கத்து வீட்டுக்காரருக்கு இது கேட்டது" என்ற சாட்சியம் எந்த மருந்துக்கும் கிடைத்துவிடுவது இதனால்தான்.

முடக்கத்தான் தோசைக்கும் மஞ்சளுக்கும் இதே அளவுகோல்தான். முடக்கத்தான் நல்ல கீரை, சாப்பிடலாம். ஆனால் மூட்டு வலிக்கு அது கேட்கும் என்று காட்ட மனிதர்களிடம் நடந்த நம்பகமான பெரிய ஆய்வு இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் குறித்துச் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் மஞ்சளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது; குழம்பில் போடுவது அந்த ஆய்வுகளின் அளவை எட்டாது. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்ற முடிவு எந்தச் சான்றிலிருந்தும் வரவில்லை.

இவற்றையெல்லாம்விட அபாயமானவை பெயரில்லாத பொட்டலங்கள். மெடிக்கலில் 'செட்' என்று கேட்டால் தரும் நாலு நிற மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். மூலிகை என்று சொல்லி விற்கும் சில மூட்டுவலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் வலி மாயமாய் மறையும்; பசி கூடும்; முகம் உப்பும்; சர்க்கரை ஏறும்; எலும்பு உள்ளுக்குள் மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஒரு மருந்து அற்புதமாகக் கேட்கிறது என்றால், அந்த அற்புதமே சந்தேகத்துக்குப் போதுமான காரணம்.

"பத்து வருஷமா சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. சிறுநீரகம் பெருமளவு பழுதான பிறகே அறிகுறி காட்டும். கிரியாட்டினின் பரிசோதனை செய்யாதவர் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. "டாக்டரும் இதே மாத்திரையைத்தான் எழுதுகிறார்" என்பது இன்னொரு வாதம். எழுதுகிறார். உங்கள் வயது, பி.பி., சிறுநீரகம், வயிற்றுப் புண் வரலாறு பார்த்து, வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரை சேர்த்து, ஐந்து நாளுக்கு எழுதுகிறார். அப்படிப் பார்க்காமல் எழுதினால் அது அவர் செய்யும் தவறு. ஐந்து நாள் சீட்டை ஐந்து வருடங்கள் கடையில் நீட்டுவது மருத்துவரின் ஆலோசனை ஆகாது. "வலியோடு எப்படி வேலைக்குப் போவது?" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. வலி குறைந்தால்தான் நடக்க முடியும், நடந்தால்தான் தசை பலப்படும். சிறுநீரகமும் இதயமும் வயிறும் நன்றாக உள்ள ஒருவர் வலி உச்சத்தில் இருக்கும் சில நாட்கள், சாப்பாட்டுக்குப் பிறகு, குறைந்த அளவில், மருத்துவரின் ஆலோசனையின் பேரில் மாத்திரை எடுப்பதை எந்த ஆய்வும் தவறு என்று சொல்லவில்லை.

கடையில் விற்காத மருந்து ஒன்றும் இருக்கிறது. தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. நாற்காலியில் கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்துவது போன்றவற்றுக்கு ஜிம் வேண்டாம். காக்ரேனின் 2015 தொகுப்பில் பயிற்சி செய்தவர்களின் வலி 100-க்கு 12 புள்ளிகள் குறைந்தது. பின்னர் வந்த விரிவான தொகுப்பு அந்தப் பலனைச் சற்றுக் குறைவாகவே மதிப்பிட்டது. ஆக இதுவும் மந்திரம் அல்ல. ஆனாலும் பல மாத்திரைகள் தரும் பலனை ஒட்டியே இது வருகிறது, சிறுநீரகத்தைத் தொடுவதில்லை, சர்க்கரையையும் பி.பி.யையும் கூடவே இறக்குகிறது. தேய்ந்த முட்டியை ஆட்டினால் இன்னும் தேயும் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அளவான பயிற்சி குருத்தெலும்பைக் கெடுப்பதில்லை. அசையாமலிருப்பதுதான் தசையை உருக்கி மூட்டை இன்னும் தளர்த்துகிறது. எடை அதிகமுள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊன்றும் கைத்தடியும் மருந்துதான். அதைக் கிழத்தனத்தின் அடையாளமாக நினைத்து வெட்கப்பட்டு மாத்திரை விழுங்குவது வீண்.

இந்த வரிசை தேய்மான வலிக்கு மட்டும்தான் பொருந்தும். காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால், முக்கியமாக மழைக்காலத்தில், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் எதையும் தொடக் கூடாது; ரத்தக் கசிவை அவை கூட்டும். ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து, சுட்டு, வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைவிரல்களின் சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விறைப்பாக இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் உண்டு. சீக்கிரம் தொடங்கினால்தான் மூட்டு கோணாமல் தப்பும். அங்கே கடை மாத்திரையால் வலியை மூடிவைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் திரும்பப் பெற முடியாத இழப்பு.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மருந்தாளுநர்கள் மாத்திரையை வெட்டும் முன் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வயிற்றில் புண் வந்ததுண்டா என்று கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாத்திரையைத் தராமல் ஜெல்லைக் காட்ட வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. முழங்கால் வலிக்காரர்களும் அதைக் கேட்டுப் பெறலாம் என்று சுகாதாரத் துறை உரக்கச் சொல்ல வேண்டும். வாசகர் செய்யக்கூடியது இன்னும் எளிது. அடுத்த முறை பெண் சுகாதாரத் தன்னார்வலர் பி.பி. மாத்திரையோடு வாசலுக்கு வரும்போது, உங்கள் வீட்டில் இருக்கும் வலி மாத்திரை அட்டையையும் எடுத்துவந்து அவரிடம் காட்டுங்கள். கிரியாட்டினின் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று அப்போதே கேளுங்கள்.